மரக்கறி லொறியின் பாட்டு

பதுளைக் கடைவீதியிலிருந்து மேட்டை நோக்கிப் பிரியும் எங்கள் தெரு, ஒரு லொறி நுழைந்துவிட்டால் எதிரே வரும் வண்டி பின்வாங்கியே தீர வேண்டிய அகலம் உடையது. கீழ்முனையில் முச்சக்கர வண்டிகள் நிற்கும். மேல்முனையில் பிள்ளையார் கோயில். நடுவே மருந்துக்கடை, தையற்கடை, இப்போது என் மகன் நடத்தும் பாத்திரக்கடை, மரக்கறிக்கடை, சாப்பாட்டுக்கடை ஒன்று. கடைகளுக்கு மேலே வாடகைக் குடித்தனங்கள். விடியற்காலையில் நான் கோயிலுக்கு ஏறும்போது மலைகள் இன்னும் பனிக்குள்ளேயே இருக்கும். சாப்பாட்டுக்கடையில் ரொட்டிக்கு மாவு அடிக்கும் ஓசை மட்டும் கேட்கும். தேவாரப் பதிகத்தை நான் சந்நிதியில் தொடங்குவதில்லை. வீட்டு வாசலிலேயே மெல்லத் தொடங்கிவிடுவேன். கோயில் மணியை எட்டும்போது பாதிப் பதிகம் முடிந்திருக்கும். மீதிக்கு மூச்சு வாங்கும். பிள்ளையார் பொறுத்துக்கொள்கிறார்.

இத்தெருவாருக்குக் கைப்பேசியில் ஒரு குழு உண்டு. மழையில் பாதை சரிந்து பஸ்கள் நின்றுபோன ஒரு பருவத்தில், யார் எங்கே அகப்பட்டிருக்கிறார் என்று அறிந்துகொள்வதற்காகத் தொடங்கப்பட்டது. பாதை திறந்த பிறகும் குழு கலையவில்லை. என்னை அதன் நிர்வாகியாக்கினார்கள். காரணத்தைத் தையற்கடைக்காரர் ஒளிக்கவில்லை.

"ஐயாவுக்கு யாரையும் குரூப்ல இருந்து தூக்கத் தெரியாது. அதனால எல்லாரும் பயமில்லாம பேசலாம்."

அது முற்றிலும் உண்மை. இன்றும் எனக்குத் தெரியாது.

தண்ணீர் எப்போது நிற்கும், பண்டாரவளைப் பாதையில் எங்கே மண் விழுந்திருக்கிறது, எந்த வீட்டுப் பூனை எந்தக் கூரையில் ஏறி இறங்கத் தெரியாமல் நிற்கிறது என்பவற்றை அக்குழு எங்களுக்கு உடனுக்குடன் சொல்லிவிடும். நான் காலைதோறும் அன்று பாடிய பதிகத்தின் பொருளை இரண்டு வரியில் எழுதிப் போடுவேன். அதற்குத் தையற்கடைக்காரர் கைகூப்பிய படம் ஒன்றை மறவாமல் அனுப்புவார். ஒருநாள் தவறுதலாக விரல் பட்டு வெறும் புள்ளி ஒன்று போய்விட்டது. அதற்கும் கைகள் கூப்பியிருந்தன.

ஆயினும் அக்குழுவில் சொற்கள் சூடேறிவிடும். நேரில் கண்டால் "வாங்க, சாப்பிட்டாச்சா" என்று வழிமறித்துக் கேட்பவர்கள், கைப்பேசியைக் கையில் எடுத்ததும் வேறு மனிதர்களாகிவிடுவார்கள். கடைவாசலில் நின்ற மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பற்றி மூன்று தலைமுறைகளை இழுத்துப் பேசியிருக்கிறார்கள். மறுநாள் அதே இருவரும் ஒரே வாங்குப் பலகையில் அமர்ந்து தேநீர் குடித்ததையும் கண்டிருக்கிறேன். ஆகவே நான் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை, லொறி வழக்கு வரும்வரை.

மரக்கறிக்கடை முதலாளியின் குடும்பமும் எங்களுடையதைப் போலவே தென்னாட்டிலிருந்து கடல் தாண்டி வணிகத்துக்கு வந்து இங்கே ஊன்றியது. அவருக்கு வெலிமடைப் பக்கத்திலிருந்து நாள்தோறும் விடிவதற்கு முன் ஒரு லொறி வரும். லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு. லொறி பின்னோக்கி ஏறும்போது அதிலிருந்து ஒரு பாட்டு ஒலிக்கும். சாரதியே ஆசைப்பட்டுப் பூட்டிய கருவி அது. எந்த இராகத்திலும் அடங்காது. ஆனால் தெருவின் இரு முனைக்கும் கேட்கும். பதிகம் பாடியபடி ஏறுகையில் அதனோடு சுருதி சேராமல் காக்க நான் பெருமுயற்சி செய்திருக்கிறேன்.

சென்ற தை மாதத்தில் மரக்கறிக்கடைக்கு நேர் எதிர் மாடிக்கு ஓர் இளம் ஆசிரியை குடிவந்தார். அப்புத்தளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்து, படித்து, பதுளையில் கணிதம் கற்பிக்க வந்தவர். கிறிஸ்தவக் குடும்பம். கணவருக்குக் கொழும்பில் வேலை. வாரக்கடைசியில் ரயிலில் வருவார். வீட்டில் ஒரு கைக்குழந்தை. இரவெல்லாம் சிணுங்கிவிட்டு விடியும் வேளையில்தான் அது கண்ணயரும். சரியாக அந்த வேளையில் லொறி பாடும்.

டீச்சர் குழுவில் முதலில் எழுதியது மிகவும் பணிவானது. அந்தப் பாட்டை நிறுத்த இயலுமா, குழந்தை விழித்துக்கொள்கிறது என்று கேட்டிருந்தார். முதலாளி படித்துவிட்டார் என்பதற்கு அடையாளமான நீலக் குறிகள் டீச்சரின் கைப்பேசியில் அவர் பெயருக்கு நேரே தோன்றின. பதில் இல்லை. மறுநாள் விடியலிலும் லொறி பாடியது, டீச்சர் எழுதினார், நீலக் குறிகள் தோன்றின, பதில் இல்லை. நாளுக்கு நாள் அவருடைய சொற்களில் பணிவு தேய்ந்தது. முதலாளியோ கடையடைத்துச் சோறுண்ட பிறகு, பகலெல்லாம் மனத்தில் கிடந்து புளித்த அனைத்தையும் குரற்பதிவாகக் கொட்டுவார். "தூங்குறதுக்குன்னா தோட்டத்துலயே இருந்திருக்கலாமே, கடைத்தெருவுக்கு எதுக்கு வரணும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அது தகாத சொல். மறுநாள் டீச்சர் எழுதினார்: லொறி தெருவுக்குள் வருவதையே தடுக்கும்படி மாநகர சபைக்கு மனுக் கொடுக்கப்போவதாகவும், விரும்பியவர்கள் கையெழுத்திடலாம் என்றும்.

தெரு இரண்டாகிவிட்டது. மாடியில் இருந்தவர்கள் பெரும்பாலும் டீச்சர் பக்கம். கீழே இருந்தவர்கள் முதலாளி பக்கம். தையற்கடைக்காரருக்குக் கடை கீழே, வீடு மாடியில். பகலில் ஒரு கட்சி, இரவில் ஒரு கட்சி என்று அவர் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டார்.

இதில் இழப்பு யாருக்கு என்பது எனக்கு முதலாளியின் மனைவி சொல்லித்தான் முழுதாக விளங்கியது. ஒருநாள் போஞ்சிக்காயைத் தராசில் அள்ளிப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"லொறிய உள்ள விடலேன்னா கீழ ரோட்டுல எறக்கி மேட்டுக்குச் சுமக்கணும். சுமக்குற ஆள வச்சு நாம என்னாத்த விக்கிறது ஐயா. கடைய மூடிட்டு மரக்கறி வெளயிற வெலிமடைக்கே போயிருவோம்னு இவரு சொல்றாரு. சும்மா சொல்லல. கடைச் சாவிய யாருக்கிட்ட குடுக்கலாம்னு விசாரிச்சிட்டாரு."

முதலாளி உள்ளே கோவாவின் வெளியிலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தேவாலயத்திலிருந்து நேரே எங்கள் கடைக்கு வந்தார். குழந்தை தோளில் உறங்கிக்கொண்டிருந்தது; பகலில் அது நன்றாகவே உறங்கும் போலும். அடுக்கி வைத்திருந்த குத்துவிளக்குகளின் பக்கம் அதன் கால் படாதபடி தள்ளி நின்றுகொண்டார்.

"ஐயா, நீங்கதானே அட்மின். மனு குடுக்குறதுக்கு முந்தி ஒரு தடவ உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"உட்காருங்கம்மா."

"இல்லீங்க, உட்கார்ந்தா இவன் எழும்பிருவான். எனக்கு லொறி மேல கோவம் இல்லீங்க ஐயா. அவங்க பொழப்பு அது. எங்கப்பாவும் மலையில கொழுந்து மூட்டை தூக்குனவருதான். ஆனா நான் எழுதுறத அவரு பாக்குறாரு. பாத்துட்டு ஒரு வார்த்த பதில் இல்ல, ராத்திரி ஏச்சுதான் வருது. லயத்துப் புள்ளதானே, இதுக்கு என்னா பதில்னு இருக்காரு. அதுதான் தாங்கல."

"நீங்க விடியக் காலந்தானேம்மா எழுதுறீங்க?"

"பாட்டு கேட்டதும் எழுதிருவேன். இவன தோள்ல போட்டுட்டே."

"அந்நேரம் அவரு எப்படிப் பதில் சொல்வாரு? இன்னும் போணி ஆகியிருக்காதே."

அதைச் சொல்லும்போது எனக்கு அது ஒரு செய்தியாகவே தோன்றவில்லை. ஆனால் டீச்சர் என்னையே பார்த்தார்.

"போணின்னா மொத யாவாரம். அது தெரியும். அதுக்கும் பதிலுக்கும் என்னாங்க?"

பிறந்தது முதல் இந்தத் தெருவின் கடைகளிலேயே வாழ்ந்தவன் நான். முதல் விற்பனை ஆகும்வரை எங்கள் கடைகளில் யாரும் "இல்லை" என்று சொல்வதில்லை. கேட்ட பொருள் இல்லையென்றால் "வருது" என்பார்கள். கடுஞ்சொல் பேசுவதில்லை, வழக்குக்கு வாய் திறப்பதில்லை. வாசலில் நின்று ஒருவர் வைதாலும் கடைக்காரர் சாம்பிராணிப் புகையைப் பார்த்தபடி நிற்பார். இதைத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண் எப்படி அறிவார்? அங்கே கடையென்றால் சம்பளம் வரும்வரை கடனுக்குக் கொடுக்கும் ஒரே கடை; அங்கே முதல் விற்பனை எது, கடைசி விற்பனை எது. டீச்சரின் ஒவ்வொரு செய்தியும் போணிக்கு முன்னரே போய்ச் சேர்ந்தது. முதலாளி வாய்மூடிப் பொறுத்தது இவருக்கு இகழ்ச்சியாய்ப் பட்டது. பொறுத்ததெல்லாம் இரவில் குரலாய் வந்தபோது அந்த இகழ்ச்சி உறுதியாயிற்று.

நான் சொல்லி முடித்ததும் டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். குழந்தை எழுந்துவிடாதபடி உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப அந்த மனுஷன் நாள் பூரா அடக்கி வச்சிட்டுத்தான் ராத்திரி வெடிக்கிறாரா?"

"ஆமாம்மா."

"சரிங்க ஐயா. நான் பாத்துக்கிறேன்."

குழந்தையின் தலையைத் தாங்கியபடி அவர் தெருவில் இறங்கிப் போனார்.

மறுநாள் விடியலில் நான் கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். லொறி வந்தது, பின்னோக்கி ஏறியது, பாடியது. மாடியில் குழந்தை பதிலுக்குப் பாடியது. வழக்கமாக அதன் பின் கைப்பேசி அதிரும். அன்று அதிரவில்லை. மாறாக எதிர்மாடியின் படிக்கட்டில் விளக்கு எரிந்தது. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குளிருக்குத் தலையில் சால்வையைச் சுற்றியபடி டீச்சர் தெருவைக் கடந்து கடைமுன் வந்து நின்றார்.

முதலாளி பார்த்தார். கையிலிருந்த மூட்டையை இறக்கினார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

"லீக்ஸ் ஒரு கட்டு குடுங்க," என்றார் டீச்சர்.

முதலாளி நல்ல கட்டாகத் தேர்ந்து, வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டி நீட்டினார். பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றி, கல்லாவில் போட்டார்.

"போணி ஆயிருச்சா?"

"ஆயிருச்சு."

"இப்ப பேசுங்க மொதலாளி. எனக்கும் கேக்கணும்னு ஆசையா இருக்கு. ராத்திரி பேசுறதையெல்லாம் இப்பவே பேசுங்க."

அவர் திகைத்துப்போனார். இரவுகளில் அவ்வளவு பேசியவருக்கு, எதிரே சால்வையும் குழந்தையுமாக ஒருவர் நின்றதும் ஒரு சொல்லும் அகப்படவில்லை. லொறியின் பின்னாலிருந்து அவருடைய மனைவி குரல் கொடுத்தார்:

"இப்ப மட்டும் நாக்கு எங்க போச்சு? கேக்குறாங்கல்ல, சொல்லுங்களேன்."

"என்னாத்த சொல்றது," என்றார் முதலாளி. பிறகு டீச்சரைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்துச் சொன்னார்: "தோட்டத்துலயே இருந்திருக்கலாம்னு நான் சொன்னது தப்பு. அத நான் சொல்லியிருக்கக் கூடாது."

"அது தப்புதான்," என்றார் டீச்சர். "நானும் உங்கள மொரட்டு ஆளுன்னு எழுதினேன். அதுவும் தப்பு. சரி, பாட்டுக்கு வாங்க. அத ஏன் நிறுத்த மாட்டீங்க?"

"நிறுத்துனா யாருக்குத் தெரியும் லொறி வந்தது? சாப்பாட்டுக்கடைக்காரரு அந்தப் பாட்டக் கேட்டுத்தான் வருவாரு. அவருதான் எனக்கு போணி. மார்க்கெட்டு தெறக்குறதுக்கு முந்தி இந்தச் சனம் வாங்கிட்டாத்தான் எனக்கு யாவாரம். விடிஞ்சிட்டா எல்லாம் கீழ போயிரும்."

"இத ஏன் குரூப்ல சொல்லல?"

"நீங்க கேக்குற நேரம் சொல்ல முடியாது. அப்புறம் யாவாரத்துல கை ஓயாது. ராத்திரி ஆனா சொல்லத் தோணாது."

தையற்கடைக்காரர் மாடிச் சன்னலைத் திறந்து தலையை நீட்டியிருந்தார். சாப்பாட்டுக்கடைக்காரர் கையில் மாவோடு வந்து நின்றார். சாரதி லொறியை விட்டு இறங்கி, தன் பாட்டைப் பற்றித்தான் பேச்சு என்று அறிந்து முகம் வாடினார். கோயில் மணியடிக்கும் நேரமாகிவிட்டது, நானும் நகரவில்லை.

டீச்சர் சற்று யோசித்தார். கணிதம் கற்பிப்பவர் அல்லவா, எதை எங்கே மாற்றி வைத்தால் விடை வரும் என்று பார்ப்பவர் போலிருந்தது.

"லொறி வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியணும். அவ்வளவுதானே? அதுக்குத்தான் குரூப் இருக்கே. நீங்க சத்தமில்லாம வாங்க. நான் முழிச்சுத்தான் இருப்பேன். 'லொறி வந்தாச்சு, இன்னக்கி கரட் நல்லாருக்கு'ன்னு நான் போடுறேன். வேணுங்கிறவங்க வந்து வாங்கட்டும்."

"நீங்க போடுவீங்களா?" என்றார் முதலாளி.

"இவ்வளவு நாளும் உங்களத் திட்டி எழுதுனேனே, அதே நேரம், அதே வெரல். என்னா கஷ்டம்?"

சன்னலிலிருந்து தையற்கடைக்காரர் கேட்டார்: "டீச்சர், அப்ப மனு?"

"மனுவுல பின்னாடி பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு. இவனுக்குக் கிறுக்கக் குடுக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சாரதி மட்டும் மெல்லக் கேட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமாவது பாட்டை வைத்துக்கொள்ளலாமா என்று. "ஞாயித்துக்கெழம நானும் தூங்கணும்," என்று சொன்னது டீச்சர் அல்லர், முதலாளியின் மனைவி.

நான் கோயிலுக்கு ஏறினேன். பாதி வழியில் நின்றுபோன பதிகத்தை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை, முதலிலிருந்தே தொடங்கினேன். பாடப் பாட எனக்கு ஒன்று தோன்றியது. நான் ஓதிவரும் பதிகங்களின் அடியவர்கள் இறைவனிடம் பணிந்து மட்டும் பாடியவர்கள் அல்லர். கோபித்திருக்கிறார்கள், கேலி பேசியிருக்கிறார்கள், கேட்டது கிடைக்காமல் வாசலில் நின்று வழக்காடியிருக்கிறார்கள். ஆனால் ஏசுவதற்கும் அவன் ஊர்வரை நடந்தே போனார்கள். போனதும் முதலில் அவ்வூரின் வயலையும் பொழிலையும் நீர்த்துறையையும் கண்ணாரக் கண்டு பாடினார்கள். முறையீடு அதன் பிறகே வந்தது. இவ்வளவு காலம் ஓதியும் அந்த வரிசையில் ஒரு மரியாதை இருப்பதை நான் கவனித்ததில்லை. அன்றைக்குக் குழுவில் நான் எழுதிய இரண்டு வரி இதுவே. தையற்கடைக்காரரின் கூப்பிய கைகள் வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதித்து வந்தன, படித்திருக்கிறார் போலும்.

அதன் பின் குழுவில் ஒரு வழக்கம் தானாகவே ஏற்பட்டது. யாரும் விதி எழுதவில்லை. ஒருவர் மற்றொருவர்மேல் குறை சொல்லத் தொடங்கினால் உடனே யாராவது "போணி ஆச்சா?" என்று கேட்பார்கள். அதாவது, அன்றைக்கு அவர் வாசலுக்குப் போனீர்களா, முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசினீர்களா, கடையென்றால் ஒரு பொருளாவது வாங்கினீர்களா என்று பொருள். இல்லையென்றால் போய்வரும்வரை அவர் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போய்வருகிறவர்களில் பலர் திரும்பி வந்து அந்தக் குறையை எழுதுவதேயில்லை. எழுதுகிறவர்களும் வேறு குரலில் எழுதுகிறார்கள். மருந்துக்கடைக்காரரோடு வழக்காடப் போன ஒருவர் இருமல் மருந்தும் நலவிசாரிப்புமாகத் திரும்பிவந்து, தான் எதற்காகப் போனோம் என்பதையே மறந்துவிட்டதாகக் குழுவில் ஒப்புக்கொண்டார். சண்டைகள் ஒழிந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் தலைமுறைகளை இப்போது யாரும் இழுப்பதில்லை.

குழந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டு நின்ற பிறகும் அது அதே நேரத்தில்தான் விழிக்கிறது, பழகிவிட்டது. டீச்சர் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருகிறார். முதலாளி அதை உருளைக்கிழங்குத் தராசில் உட்காரவைத்து, "இன்னக்கி வெல ஏறிருச்சு டீச்சர்" என்கிறார். டீச்சரின் செய்தி எங்கள் வீடுகளுக்கு வந்துவிடுகிறது: லொறி வந்தாச்சு, கோவா சின்னதா இருக்கு, பீட்ரூட் பரவாயில்ல. விலை கூடியதையும் பொருள் வாடியதையும் அவர் மறைப்பதில்லை. அதனாலேயே நம்பி இறங்கி வருகிறார்கள். என் மருமகள் பாதித் தூக்கத்தில் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "மாமா, வர்றப்ப ரெண்டு கோவா" என்பாள். பதிகம் பாடி இறங்கும் நான் இப்போதெல்லாம் திருநீறும் கோவாவுமாக வீடு சேர்கிறேன்.

கடையை மூடும் பேச்சு அதன் பின் எழவில்லை. எழவில்லை என்பதால் முடிந்துவிட்டது என்று நானாகக் கொள்ளவில்லை, கேட்கவும் தயக்கமாயிருந்தது. மழைக்காலத்துக்குச் சற்று முன் ஒருநாள் காலை, மரக்கறிக்கடையின் முகப்புக்குப் புதிய தகரக்கூரை வந்து இறங்கியது. தச்சர்கள் ஏறிச் சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார்கள். கடையை விட்டுப் போக நினைப்பவர் யாரும் கூரை மாற்றுவதில்லை. எங்கள் கடை வாசலில் நின்று, காதடைக்கும் அந்த ஓசையை நான் மனம் குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாடசாலை விடுமுறைக் காலம் அது; டீச்சர் மாடியில் இருந்தார். கைப்பேசி அதிர்ந்தது.

"மொதலாளி, இப்பதான் இவன் கண்ணசந்தான். இந்தச் சத்தத்துக்கு என்னா செய்யலாம்? போணி ஆச்சான்னு யாரும் கேக்காதீங்க. விடியக் காலம் பூசணிக்காய் வாங்கினேன்."

நீலக் குறிகள் டீச்சருக்குத் தோன்றியிருக்கும். பட்டப்பகல், கடை நிறைய ஆட்கள். ஒரு கையில் தராசைப் பிடித்தபடி முதலாளி மறுகையால் கைப்பேசியை எடுத்து வாயருகே கொண்டுபோவதை நான் இங்கிருந்தே பார்த்தேன். அவருடைய குரல் முதலில் தெருவின் குறுக்கே நேராகவும், பிறகு என் கைப்பேசி வழியாகவும் வந்தது.

"புள்ள தூங்கட்டும் டீச்சர். ஆளுங்க டீ குடிக்கப் போறாங்க. எழும்பினதும் சொல்லுங்க, அப்புறம் அடிக்கிறோம்."

தச்சர்கள் ஏணியிலிருந்து இறங்கினார்கள்.